மாமனார் அழித்த வீடியோ

அந்த வீடியோவில் முதலில் தெரிவது என் மாமனாரின் கட்டைவிரல். பாதித் திரையை அது மறைத்திருக்கும். விரல் நகர்ந்ததும் போர்வெல் கம்ப்ரசர் கொட்டகையும், சுவரில் மாட்டிய புது ஸ்டார்ட்டர் பெட்டியும் தெரியும். போனிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவுகிற பெட்டி அது. “பாருங்க, போனு என் கையிலதான் இருக்குது. நான் ஒண்ணும் அமுக்கலைங்க. நிறுத்தி வெச்ச மோட்டாரு அதுவா ஓடுது” என்பார். சண்டைக்காரரின் குரல் இல்லை அது. பந்தியில் உப்புக் குறைவு என்று சொல்லத் தயங்குகிறவரின் குரல். கடைசியில் மட்டும் கொஞ்சம் உயரும். “இந்தப் பொட்டி வாங்குனவங்க போனை நம்பி பெல்ட்டுல கை வெச்சிராதீங்க. பீஸைப் புடுங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டு, அப்புறமா கை வையுங்க.” மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற மனிதர், விவசாயிகளின் இணையக் குழு ஒன்றில் போட்ட ஒரு நிமிட வீடியோ. இன்று அது எங்கும் இல்லை. இல்லாமல் செய்தவன் நான்.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். அரூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக, ஊர் உலகம் இணையத்தில் பொருட்களைப் பற்றி என்ன பேசுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த போன் சூடாகிறது, எந்த மிக்ஸி அலறுகிறது, எல்லாம் என் திரைக்கு வரும். புகழ்ந்தால் பச்சை, திட்டினால் சிவப்பு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தனியாக ஒரு குறி உண்டு. அதைப் போட்டால் பொருளைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் வரைக்கும் விஷயம் போய்விடும். ஒட்டுக்கேட்பதற்கு ஒரு சம்பளமா என்று என் மனைவி கிண்டல் செய்வாள். கேட்பதோடு புகார்க்காரர்களைச் சமாதானம் செய்வதும் எங்கள் வேலைதான்.

அந்த ஸ்டார்ட்டர் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். எங்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்கும் வாரம் அது. “தமிழ்ல சிவப்பு ஜாஸ்தியா தெரியுது, என்னன்னு பாருங்க” என்று டீம் லீடர் சொல்லியிருந்தார். அதிகம் பேர் பகிர்ந்துகொண்டிருந்த சிவப்பு எதுவென்று பார்த்தால், மாமனாரின் கட்டைவிரல்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர் மாப்பிள்ளையின் சொல்லைத் தட்ட மாட்டார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னிடம் ‘முடியாது’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எதையும் கேட்காமல் இருந்தேன். அன்று கேட்டேன்.

“மாமா, அந்த வீடியோவ எடுத்துருங்க. என் வேலைக்குத் தொந்தரவா இருக்கு.”

“சரிங்க மாப்ள” என்றார் உடனே. பிறகு சற்றுத் தயங்கி, “தீர்த்தமலைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கீழ எழுதியிருக்காங்க. அவங்க வூட்லயும் இப்படித்தான் ஆவுதாம், ஆபத்துங்களான்னு கேக்கறாங்க. ஒரு பதில் சொல்லிட்டு எடுக்கட்டுங்களா?”

“அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மாமா.”

வீடியோ போனதும் அதன் கீழே இருந்த அந்த அம்மாவின் கேள்வியும் போயிற்று. பதிவே இல்லை, இனிப் புகார் ஏது? ‘தீர்ந்தது’ என்று குறித்தேன். ஆபத்துக் குறி பக்கத்திலேயே இருந்தது. என் கை அதனிடம் போகாமல் இல்லை, போய்விட்டுத் திரும்பியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. டீம் லீடர் பாராட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் திரையில் ஒரு படம் வந்தது. கட்டுப் போட்ட வலது கை. அந்த அம்மாதான் எழுதியிருந்தார். கணவர் போனில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்ப்ரசர் பெல்ட் மாற்றியிருக்கிறார். மோட்டார் தானாக ஓடியதில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ‘ஒருத்தர் வீடியோ போட்டிருந்தாருங்க. சாயங்காலம் இவருக்குக் காட்டலாம்னு தேடினா காணோம். எடுத்துட்டாங்கன்னா பொய்யாத்தான் இருக்கும்னு இவரு சொல்லிட்டாரு. கம்பெனியில கேட்டா இப்படி ஒரு புகாரே வந்ததில்லைன்னு சொல்றாங்க. அந்த வீடியோ யாருகிட்டயாச்சும் இருந்தா அனுப்புங்க.’ அன்றைக்கு ஆபத்துக் குறியைப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. “கெளம்புங்க மாப்ள, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்” என்றார். பைக்கில் வழி நெடுக, அந்த வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“வீடியோ போட்டது நான்தாங்க. போன்ல என்னமோ நோண்டறப்ப கை பட்டு அழிஞ்சிருச்சுங்க. மன்னிச்சிருங்க.”

கட்டிலில் கைக்கட்டோடு இருந்த அண்ணன், அந்த அம்மாவின் கணவர், “வுடுங்க, நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க” என்றார்.

“என் பொட்டியும் அப்படியேதான் இருக்குது” என்றார் மாமனார். “எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேனுங்க. இவரு எங்க மாப்ளைங்க. கம்பெனி விவரமெல்லாம் தெரியும். நஷ்டஈட்டுக்கு நல்லா மனு எழுதிக் குடுப்பாரு.”

அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தில் இருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். பெட்டி வாங்கியது, பெல்ட் மாற்றியது, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். வீடியோ வந்த இடத்தில் பேனா நின்றது. மாமனாரைப் பார்த்தேன்; அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இதே பழுதைக் காட்டி ஒரு விவசாயி முன்பே வீடியோ போட்டிருந்தார். அது கைதவறி அழிந்துவிட்டது’ என்று எழுதி, தாளைக் கட்டிலின் மேல் வைத்தேன். இடது கையால் கையெழுத்துப் போட அந்த அண்ணனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாள் நகராமல் இருக்க அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.