பூதம் வந்தால் எழுந்து நிற்பேன்

போன் விளையாட்டில் வரும் சேற்றுப் பூதத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்ற பெண்கள் உலகத்திலேயே இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒருத்தி நான். இன்னொருத்தி என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது கரும்புக் கொல்லையைப் பிரித்தார்கள், நெல் வயலைப் பிரித்தார்கள், வீட்டுக்கு நடுவில் ஒரு சுவரை எழுப்பினார்கள். சுவர் ஆம்பிளைகளோடு சரி. பின்பக்கத் தோட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கடைசியில் மாமனாரையும் பிரித்தார்கள். ஒரு மாதம் அந்த வீட்டில் சோறு, ஒரு மாதம் இந்த வீட்டில். மாதம் பிறந்தால் அவருடைய நைலான் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பின்னால் வர, மாமனார் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்து வருவார். வந்து உட்கார்ந்ததும் அந்த வீட்டுக் குழம்பைக் குறை சொல்வார். அடுத்த மாதம் அங்கே போய் என் குழம்பைக் குறை சொல்வார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் ஓரவஞ்சனை பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், மாமனார் வந்தால் மருமகள் எழுந்து நிற்க வேண்டும். அவர் எதிரில் உட்காரக் கூடாது. அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட நான் அட்டையைத்தான் நீட்டுவேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். இது எனக்குப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு மூட்டு வலி.

அந்த விளையாட்டைப் போனில் ஏற்றியது அக்காவின் மகள். லீவு முடிந்து கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது, "நீங்க ரெண்டு பேரும் சீரியல் பார்த்துப் பார்த்து மாமியார் மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க" என்று சொல்லி, இரண்டு போனிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்ற வேண்டும். வழியில் வருகிற பூதங்களை அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க நம் பலம் கூடும். நான் வாள்காரி. அக்கா வைத்தியக்காரி, நான் அடிபட்டால் மந்திரம் போட்டுக் காப்பாற்ற வேண்டியவள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து விளையாடுகிற வைத்தியக்காரியை நம்பி நான் எத்தனை முறை செத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் மாமனார் சாப்பிட்டுப் படுத்ததும் தோட்டத்துத் தென்னை மரத்தடியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்வோம். ஓநாயை முடித்தோம், எலும்புக்கூட்டை முடித்தோம், வௌவால் ராணியைக்கூட முடித்தோம். அப்புறம் ஒரு சேற்று நிலம் வந்தது. பாட்டு நின்றது. சேற்றுக்குள்ளிருந்து "க்கூம்" என்று ஒரு கனைப்பு.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்தக் கனைப்பைக் கேட்டதுதான் தாமதம், இரண்டு பேரும் விருட்டென்று எழுந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் மாமனார் இல்லை. உள்ளே குறட்டை கேட்கிறது. போனைப் பார்த்தால் சேற்றிலிருந்து அவரே எழுந்து வருகிறார்.

அதே வழுக்கை. அதே தொந்தி. தோளில் பாசி படிந்த துண்டு. ஒரு கண் பாதி மூடியிருந்தது. கையில் ஒரு மரக்கிளையை வைத்துக்கொண்டு முதுகைச் சொறிந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே தொந்தியால் ஒரு முட்டு முட்டியது. நானும் காலி, வைத்தியக்காரியும் காலி.

"அக்கா, இது..." என்றேன்.

"சொல்லாதடி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிறுத்த முடியாமல் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதற்கு மாமா என்றுதான் பெயர். வேறென்ன பெயர் வைப்பது? நிஜப் பெயரைத்தான் சொல்லக் கூடாதே. "மாமா வரார், ஓரம் போ." "மாமாவுக்கு இன்னும் பாதி உசுருதான்டி இருக்குது." ஆனால் பாதி உயிருக்குக் கீழே அதைக் கொண்டுபோக முடியவில்லை. பாதி போனதும் அது சண்டையை நிறுத்திவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தபடியே அதன் உயிர் மளமளவென்று ஏறும். முதுகில் நான் எவ்வளவு குத்தினாலும் அதைவிட வேகமாக ஏறும். முழுசாக ஏறியதும் எழுந்து, கனைத்து, ஒரே முட்டு.

இந்த முதுகு காட்டுகிற வேலையைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்தது. எங்கள் மாமனாரும் கோபம் வந்தால் இப்படித்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சோற்றைத் தொட மாட்டார். அவருக்குச் சர்க்கரை உடம்பு. போன வருஷம் ரசத்தில் என்னவோ குறை என்று இப்படிப் படுத்தவர், பட்டினியிலேயே மயங்கி விழ, ஆஸ்பத்திரியில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதுவும் என் முறை மாதத்தில். ரசத்துக்கே அப்படி என்றால், இரண்டு மருமகள்களும் மத்தியானமானால் தன்னை வாளால் குத்துகிறார்கள் என்று தெரிந்தால்? இந்த முறை எழுந்திருக்கவே மாட்டார். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் இனி விளையாடக் கூடாது என்று முடிவெடுப்பேன். மறுநாள் மத்தியானம் நாற்காலியை நான்தான் முதலில் போடுவேன்.

ஒருநாள் மும்முரமாகக் குத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "க்கூம்" கேட்டது. போனில் வந்த கனைப்பு என்று நினைத்து, "கனைக்கிறதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றேன். அக்கா எழுந்து நின்றாள். நின்ற விதத்தைப் பார்த்ததும் நானும் எழுந்து திரும்பிப் பார்த்தேன்.

மாமனார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. கையில் விசிறிக் காம்பு. அதை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னா இது?"

"கேம் மாமா" என்றாள் அக்கா.

போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பூதமும் பாதிக் கண்ணால் அவரைப் பார்த்தது. நான் மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

"இவன் யாரு மாதிரி இருக்கான் தெரியுமா?" என்றார். "அப்படியே என் தம்பி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சின்ன மாமனார் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். வயல் வரப்பை ஒரு சாண் நகர்த்தியது யார் என்ற சண்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. தலை நிறைய முடி. இருந்தாலும் தன் முகம் தனக்குத் தெரியாதுதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"இன்னா பார்த்துக்கினு நிக்கிறீங்க? அடிங்கடி அவன!" என்றார் மாமனார்.

நின்றுகொண்டே அடித்தோம். பழக்கமில்லாததால் கை தடுமாறியது. "நின்னுக்கினே எப்படி அடிப்பீங்க? உட்காருங்க" என்று அதட்டினார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெதுவாக, நாற்காலி நுனியில், பஸ்ஸில் கால் சீட்டு கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அது வௌவால் ராணியை ஜெயித்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு அவர் மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டார். கட்டிலைத் தென்னை மரத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லி, படுத்துக்கொண்டே உத்தரவு போடுவார். "காலுல வெட்டு! ஏம்மா பெரியவளே, மருந்து குடு அவளுக்கு, பால் பொங்கினா பொங்கட்டும்!" பெரியவள் என்பது அக்கா. வீட்டில் பால் பொங்கி வழிந்ததற்கு மாமனாரே பொறுப்பேற்றது சரித்திரம். ஆனாலும் பூதம் பாதி உயிரில் திரும்பி உட்கார்ந்துவிடும். நாங்கள் தோற்போம்.

இந்த லட்சணத்தில்தான் மீன்காரம்மா வந்தார். பனித்திட்டிலிருந்து கூடையோடு வருகிறவர், பின்வாசல் வழியாக வந்து தோட்டத்து வேலி ஓரமாகக் கூடையை இறக்குவார். அன்றைக்குச் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் வேலியோரம் சட்டியோடு நின்றபடி அக்காவிடம் சொன்னேன்: "இன்னைக்கு எப்படியும் மாமாவ முடிச்சிடணும்க்கா. நீ முன்னாடி நின்னு பேச்சுக் குடு. நான் பின்னாடி வந்து முதுகுல குத்துறன்."

"கழுத்துல குத்துடி, முதுகுல குத்தினா மறுபடியும் எழுந்துக்கிறாரு" என்றாள் அக்கா.

மீன்காரம்மா கையிலிருந்த மீன் நழுவியது. பாதிச் செதிலோடு அதை என் சட்டியில் போட்டுவிட்டு, காசுகூட வாங்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏதோ அவசரம் போல என்று நினைத்தேன். அந்த அம்மா அடுத்து மீன் விற்கப் போனது சின்ன மாமனார் வீட்டு வாசலுக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கொஞ்ச நேரத்தில் நாங்கள் சண்டையில் இறங்கிவிட்டோம். மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "குத்துடி! கழுத்துல குத்து! ஐயோ போச்சே, போச்சே!"

தடால் என்று வேலிப் படல் திறந்தது. சின்ன மாமனார். வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. கையில் சைக்கிள் பம்பு. அவசரத்தில் கைக்குக் கிடைத்த ஆயுதம் அதுதான் போலிருக்கிறது.

"எங்கண்ணன் மேல எவ கைய வச்சீங்க?" என்று பம்பை ஓங்கிக்கொண்டு வந்தவர், கட்டிலில் முழுசாக உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றிருந்தோம்.

"இன்னாடா, பம்பைத் தூக்கிக்கினு வந்திருக்க?" என்றார் மாமனார்.

"உன்னக் குத்தறாங்கன்னு சொன்னாங்க."

"என்னை இல்லடா, உன்னைதான் குத்தறோம். வா, வந்து பாரு."

சின்ன மாமனார் குனிந்து போனைப் பார்த்தார். பூதம் அப்போதுதான் பாதி உயிரில் திரும்பி உட்கார்ந்திருந்தது. வழுக்கை மண்டையும் துண்டும் தொந்தியின் ஓரமும் தெரிந்தன. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அண்ணே, இது நீதான?"

அக்கா என் கையைப் பிடித்தாள். முடிந்தது கதை, இனி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார், சோறு இறங்காது, மாத்திரை இறங்காது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியும்டா" என்றார் மாமனார். "மொத நாளே தெரியும். நான்னு சொன்னா இவளுங்க அடிக்க மாட்டாளுங்க. அதான் உன் பேரச் சொன்னன்."

சின்ன மாமனார் பம்பைக் கீழே வைத்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான். மாமனார் எங்களை நிமிர்ந்து பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆனா ஒண்ணு. அவன் திரும்பிக்கினு உட்காரும்போது முதுகுல குத்தறீங்களே, அதான் தப்பு. சுத்திக்கினு போயி எதிர்ல நில்லு."

"எதிர்ல நின்னா முட்டிடுவாரு மாமா" என்றேன்.

"முட்ட மாட்டான். யாராவது வந்து கூப்பிடுவாங்களான்னுதான் உட்கார்ந்திருக்கான். போ."

போனேன். என் வாள்காரி சேற்றைச் சுற்றிக்கொண்டு போய் அதன் எதிரில் நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஏறிக்கொண்டிருந்த உயிர் அப்படியே நின்றது. பூதம் பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தது. கனைத்தது. கையை ஊன்றி எழுந்தது. "இப்ப!" என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து கத்தினார்கள். அக்கா மந்திரத்தை அள்ளிப் போட்டாள், நான் வெட்டினேன், பூதம் சரிந்தது. சின்ன மாமனார் துள்ளியதில் வேட்டி முழுசாகவே அவிழ்ந்துவிட்டது. அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பை அவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். செதில் இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து குறை சொன்னார்கள்.

மாதம் பிறந்து கட்டில் அக்கா வீட்டுக்குப் போய், மறுபடி என் வீட்டுக்கு வந்தது. வந்த வாரமே சாம்பாரில் உப்பு கூடிப்போய்விட்டது. மாமனார் தட்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன வருஷம் இதே முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாப்பிடுங்க மாமா, சாப்பிடுங்க மாமா என்று நான் மணிக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன்.

இந்த முறை கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பைத் திணித்து, தரையில் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். "வேற குழம்பு வச்சிருக்கன். எழுந்து வாங்க மாமா" என்றேன்.

ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தார். "க்கூம்" என்றார். கையை ஊன்றி எழுந்து வந்து சாப்பிட்டார். அதில் உப்பே இல்லை என்றார்.