தோட்டத்துக்கு வாய்தா

பல்செட் செய்கிறவள் என்பதால் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். மாடியில் இரண்டு சன்னல் வைத்த அறை, நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகு, குட்டிக் குட்டிக் கத்திகள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத மனிதர்களுக்கு மெழுகில் பல் அடுக்குவாள். இவர் சிரித்தால் எப்படியிருப்பார் என்று யோசித்தபடியே அடுக்குவாள். பாதி நேரம் ஆள் கனவில்தான் இருப்பாள், கை மட்டும் வேலை பார்க்கும்.

அந்தக் கைக்குப் பக்கத்தில் செல்போன் சாய்ந்து நிற்கும். அதில் கோர்ட்டிலிருந்து நேரலையாக ஒரு திவால் வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

திவாலானது ஒரு மென்பொருள் கம்பெனி. அவர்கள் செய்த செயலியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தோட்டம் வளர்க்கலாம். அங்கே எப்போதும் விடியப்போகிற நேரம். இலைகள் மேல் பனி இறங்கியிருக்கும், மண் ஈரமாக இருக்கும். ஒருவர் நட்டதற்கு மற்றவர்தான் தண்ணீர் ஊற்றலாம், தானே நட்டுத் தானே ஊற்றினால் செடி பிடிக்காது. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. இப்படி ஒன்றை விற்று ஒரு கம்பெனி உருப்படுமா என்று கேட்டால், உருப்படவில்லை.

அவளோடு சேர்ந்து அந்தத் தோட்டத்தை வளர்ப்பவன் அவள் அண்ணன். கடல் தாண்டி ஓர் ஊரில், குளிர்பதனக் கிடங்கில் வேலை. விளையாட்டாக இருவரும் ஆரம்பித்தது. அப்பா இறந்த அன்று போனில் இருவருமே வார்த்தையை விட்டுவிட்டார்கள். "நீ வந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றாள் இவள். "பக்கத்துல இருந்து நீ என்னத்தக் கிழிச்ச?" என்றான் அவன். அதோடு பேச்சு நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை. சில நாள் கழித்து, செயலியை அழித்துவிடலாம் என்று ஆத்திரத்தோடு திறந்தவள், தான் நட்ட ரோஜாவின் அடியில் மண் நனைந்திருப்பதைப் பார்த்தாள். இவளும் விறைப்பாகவே அவனுடைய எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டு மூடினாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. மண் நனைந்திருந்தால் அண்ணன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். காய்ந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடாது.

கம்பெனியைக் கலைத்தால் தோட்டமும் போய்விடும். அதனால்தான் இந்த வழக்கை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பொறுமை அவர் தொழிலுக்கு மூலதனம். அவருக்கே ஒருநாள் தாங்கவில்லை.

"ஒரு போன் போட்டா முடிஞ்சுது. அதுக்குப் போய் கோர்ட்டு வாசல்ல காத்துக் கிடக்கிறியே."

"அவன் எடுக்கமாட்டான்."

"போட்டுப் பாத்தியா?"

"போட்டுப் பாத்துத்தான் தெரியணுமா?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விசாரணை நாட்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், கடைசியில் வாய்தா வாங்கிப் போவார்கள். வாய்தா என்றால் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், இவளுக்குத் தேன் குடித்த மாதிரி. நீதிபதிக்கு இதமான குரல். அதைக் கேட்டுக்கொண்டே மெழுகை இளக்கும்போது அறைக்குள் பனி வந்துவிடும். கருப்பு அங்கி நனைய நனைய வக்கீல்கள் செடிகளுக்கு நடுவே நடப்பார்கள். கோப்புகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீதிபதி ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருப்பார். தூரத்தில் எலுமிச்சைக்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்பார்கள், முகம் மட்டும் தெரியாது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் மெழுகு ஆறிப்போகும்.

அன்றைக்கு வாய்தா இல்லை. கலைப்பு அதிகாரி, சர்வர்களை மாதக் கடைசியில் நிறுத்திவிட அனுமதி கேட்டார். கம்பெனியை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லையாம். நீதிபதி, "பயன்படுத்துறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, சுருக்கமா சொல்லலாம்" என்றார்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். நின்று, மறுபடியும் செருமினார்கள். பல்லக்காவின் கத்தி அப்படியே நின்றது. இது எந்தத் தொண்டை என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"ஐயா, கொஞ்ச நாள் விட்டு வைங்க. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ நல்லா இருக்காளான்னு எனக்கு இது வழியாத்தான் தெரியும்."

"அவங்ககிட்ட போன் இல்லையா?"

"இருக்குங்க."

"நம்பர் தெரியாதா?"

"தெரியும்ங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அப்புறம் என்ன?"

"அப்பா சாவுக்கு நான் போகலைங்க. ஏன் வரலன்னு அவ கோபப்பட்டது நியாயந்தான். போன் போட்டா அதுக்குப் பதில் சொல்லணும். என்கிட்ட பதில் இல்ல. தண்ணி ஊத்துறதுக்குப் பதில் எதுவும் வேண்டியதில்ல பாருங்க."

பல்லக்கா அழுதுவிட்டாள். மெழுகுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழக்கை அப்படியே விட்டுவிட்டு, மனப்பாடமாக இருந்த அந்த எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அவன் பக்கம் கம்ப்யூட்டரில் நீதிபதியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இரு, இரு. ஜட்ஜு தீர்ப்பு சொல்றாரு" என்றான்.

"சொல்லட்டும்ணா."

"மூடிடுவாங்க போலிருக்குடி."

"மூடட்டும். நீ பேசு."

நீதிபதி வாசித்துக்கொண்டே போனார், இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"கடைசியில அப்பா என்னைக் கேட்டாரா?" என்றான் அண்ணன்.

"கேட்டாரு. நீ வழியில வந்துட்டிருக்கன்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினாருண்ணா. கதவத் திறந்து வைக்கச் சொன்னாரு."