பெரியமேட்டில் போய் நின்றோம், ஷபீர் பாய்

ஷபீர் பாய் நேற்று போய்விட்டார். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை... ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது எனக்கு.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் சாம்பிள் கொண்டுபோகிறவர் அவர். நான் சாம்பிள் ரூமில் தையல். நாங்கள் தைத்துத் தரும் ஒத்தைக்கால் ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் சென்னைக்குக் கிளம்புவார். பெரியமேட்டில் இருக்கிற தோல் ஆபீஸ்களில் காட்டிவிட்டு, நூல், பக்கிள் என்று வாங்கிக்கொண்டு சாயந்திரம் திரும்புவார்.

மறுநாள் டீ பிரேக்கில் கச்சேரி ஆரம்பம்.

"சவுக்கார்பேட்டைல பேரம் பேசலன்னா மதிக்கமாட்டான். தி.நகர்ல பேரம் பேசினா மதிக்கமாட்டான்."

"அடையாறா? மரம் ஜாஸ்தி, மனுசன் கம்மி. வழி கேக்கணும்னா வாட்ச்மேனத்தான் கேக்கணும்."

"அப்ப பெரியமேடு, பாய்?"

"அதான்மா மெட்ராஸே! மத்ததெல்லாம் அதைச் சுத்தி இருக்கிற ஊரு."

நாங்களும் அப்படியே நம்பினோம்.

ஒருமுறை ஷூவுக்கு ஆர்டர் கொடுக்கிற பையர் எதிரிலேயே தையலைச் சரிசெய்ய வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். வேலை முடிந்ததும் பெரியமேட்டில் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "நம்மூர்து மாதிரி இல்லன்னு சொல்லப்போற. கடைக்காரன் தோஸ்து, வாயத் திறக்காம சாப்புடு" என்றார். சிரித்துப் புரையேறிவிட்டது.

ரிட்டயர் ஆனதும் மகன் சென்னைக்கே கூட்டிப்போய்விட்டான். போன் பண்ணிக் கிண்டலடித்தேன்.

"இன்னா பாய், மெட்ராஸ்காரர் ஆயிட்டீங்க!"

"அட போம்மா... மாடி வீட்ல அடைச்சு வெச்சிருக்கான். இங்கேருந்து மெட்ராஸ் போவணும்னா ரெண்டு பஸ் மாறணும். ஒரே பேஜார்."

நேற்று காலை குரூப்பில் மெசேஜ். ஷபீர் பாய் மவுத்... சென்னை... சாயந்திரம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம்.

சாம்பிள் ரூமே லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறியது. எந்த ஏரியா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சென்னையில் ஷபீர் பாய் வேறு எங்கே இருப்பார்? நேராகப் பெரியமேட்டு மசூதி வாசலில் போய் நின்றோம்.

அங்கே ஜனாஸா தொழுகைக்கு எந்த உடலும் வந்திருக்கவில்லை.

மகனுக்குப் போன் போட்டால், "அக்கா, வீடு மேடவாக்கம் தாண்டி..." என்றான்.

ஆட்டோ, சிக்னல், டிராபிக்... முடியவே இல்லை அந்த ரோடு. போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆம்பளைகள் அடக்கத்தையாவது பார்க்க கபர்ஸ்தானுக்கு ஓடினார்கள். நாங்கள் வீட்டுக்குள் போனோம்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்காக எடுக்காம வெச்சிருந்தோம்மா... எங்க போய்ட்டீங்க எல்லாரும்?"

"பெரியமேட்டுக்குப் போய்ட்டோம், பாபி."

அவர் அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்தார்.

"அவரும் அங்கதாம்மா போவணும்னாரு. ஒரு தபா கூட்டிட்டுப் போடான்னு பையன் உயிர வாங்கினாரு. இந்த ஞாயித்துக்கிழமை போலாம்னு இருந்தோம்..."

அதற்கப்புறம் அவரும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

உங்க மெட்ராஸுக்கு வந்தோம் பாய்... நீங்கதான் இல்ல.