ஐலி வீட்டு உத்திரம்

மரக்கடைக் கம்ப்யூட்டர் பிப்ரவரியில் செத்தது. ஏரிக்காற்று கொண்டுவரும் பனி கூரைகளில் இடுப்பளவு ஏறி நிற்கிற மாதம். பெட்டி போனால் போகட்டும், அதற்குள் இருந்த பழைய மென்பொருளும் சேர்ந்து போனதுதான் ஐலிக்குக் கஷ்டம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சுவரை எடுக்கணும், கராஜ் கட்டணும் என்று வருகிறவர்களுக்கு எந்த உத்திரம் தாங்கும் என்று முப்பது வருஷமாக அதைக் கேட்டுத்தான் சொல்லிவந்தாள்.

அதில் முதல் கணக்கே அவள் வீட்டுக்குத்தான். போட்டவன் அவள் புருஷன் ரெய்னோ. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அவள் பிறந்த வீட்டு ஜனம் இரண்டு அறைகளில் பிரிந்து உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த கோடையில் நடுச்சுவர் போய்விட்டது. ரெய்னோவும் அவன் தம்பி வெர்னும் தோள் கொடுத்து உத்திரத்தை ஏற்றினார்கள். அந்த வருஷம் ஒரே நீள மேசை. மீனும் கிழங்கு மசியலும் கை மாறிக்கொண்டே இருக்க, ரெய்னோ உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டான். அப்படி ஒரு பெருமை அந்த மனுஷனுக்கு.

அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. கடையை வெர்ன்தான் பார்க்கிறான். இரண்டு புது மென்பொருள்களை இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஐலி முன்னால் வைத்தான்.

"இதப் பாரு. மூணே கேள்வி. நீளம், தடிமன், சுமை. தட்டினா பதில். கிழவிங்களுக்குன்னே செஞ்சிருக்கான்."

"நீ என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். மறந்துடாத."

"அதான் எனக்கும் இதுவே புடிச்சிருக்கு."

புதுசு எது வந்தாலும், பதில் தெரிந்த உத்திரம் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஐலிக்குத் தெரிந்தது எது? தன் வீட்டு உத்திரம்தான். ரெய்னோ கொடுத்த அதே எண்களைக் கொடுத்தாள். மூன்று கேள்விக்காரன் தாங்கும் என்று உடனே பச்சை காட்டினான்.

இரண்டாவதும் லேசானதுதான், ஆனால் வாயாடி. மேலே மாடி உண்டா என்று கேட்டது. இதே வரிசையில் மாடியிலும் சுவர் நிற்கிறதா? கூரை அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதா? ஐலியின் கை நின்றுவிட்டது. படுக்கையறைச் சுவர் அங்கேதான் நிற்கிறது. கூரையின் பனி முழுக்க அது வழியாகத்தான் இறங்குகிறது. பழைய மென்பொருள் இதையெல்லாம் கேட்டதே இல்லை. உள்ளதைச் சொன்னாள். திரை சிவப்பானது.

"போச்சுடா," என்றான் வெர்ன். "தொணதொணன்னு கேட்டா அப்படித்தான் வரும். முப்பது வருஷமா நிக்குதுல்ல? பேசாம மூணு கேள்விக்காரனையே எடு."

"மாடிக் கதவு ஞாபகம் இருக்கா உனக்கு?"



யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? பிப்ரவரி வந்தால் படுக்கையறைக் கதவு இறுகிக்கொள்ளும். ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்று சொல்லி, ரெய்னோ சீட்டியடித்துக்கொண்டே மேல் விளிம்பை இழைப்பான். படிக்கட்டெல்லாம் சுருள் சுருளாக மரச்சீவல். மரக்கடைக்காரன் வீட்டுக் கதவைப் பார் என்று இவள் கிண்டல் செய்வாள். இந்த வருஷமும் இறுகிவிட்டது. பத்து நாளாக அவள் கீழே சோபாவில்தான் படுக்கிறாள். ஊதியது கதவில்லை, பனிச் சுமையில் கீழே உத்திரம் தொய்ந்து, மேலே சுவரும் கதவுநிலையும் கூடவே இறங்கியிருக்கின்றன.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, வெர்ன்?"

"தெரிஞ்சா உன்னை அதுக்கடியில உக்கார வெச்சிருப்பானா? என்ன பேச்சு இது."

பச்சை காட்டியதை எடுத்தால் ரெய்னோவின் கணக்கு என்றைக்கும் சரிதான். கேட்பாரில்லை. ஆனால் அதை நம்பி நாளைக்கு எவனோ ஒருவன் தன் வீட்டுச் சுவரை இடிப்பான். ஐலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேள்வி கேக்கறதையே வாங்கு. அவரையும் இப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

"அப்ப உன் வீடு?"

"நடுவுல ஒரு தூண் குடுத்துப் பாத்தேன். பச்சை வருது."

"மேசை இருக்கற இடமாச்சே."

"இப்ப யாரு வர்றா? எனக்கு ஒரு ஓரம் போதும்."

சனிக்கிழமை வெர்ன் ஜாக்கி வைத்து, உத்திரத்தை மெல்ல மெல்லத் தூக்கித் தூணை நிறுத்தினான். நீள மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள்.

சாயங்காலம் அவன் போனபின் ஐலி மாடி ஏறினாள். விரல் பட்டதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரெய்னோ வருஷா வருஷம் இழைத்தெடுத்த அளவுக்குக் கதவின் உச்சியில் இடைவெளி விழுந்து, அது வழியாக மாடிப்படி விளக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. அதை அடைக்கச் சொல்லி வெர்னிடம் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.