நான்காம் விதியை எழுதியவர்

எங்கள் ஊரில் மூன்று பேருக்கு ஒரே விஷயம் பிடித்துவிட்டால் அடுத்த மாதமே அதற்கு ஒரு சங்கம் பதிவாகிவிடும். தலைவர், செயலாளர், விதிமுறை, ஆண்டுக் கூட்டம், காபி. தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு இரண்டு உண்டு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் ஊர்ப் பெயரில் இயங்கும் வர்க்கவுஸ் ஹெவி மெட்டல் இசைச் சங்கத்தில் நாங்கள் பதினான்கு பேர். நான் ரைலி, பள்ளிக்கூடச் சமையல்காரி. சங்கத்தில் காபி என் பொறுப்பு. இங்கே சொல்லப்போவது எங்கள் செயலாளர் வெய்யோவைப் பற்றி.

வெய்யோ குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுவார், கோடையில் அதே சாலைகளின் ஓரத்தில் புல் வெட்டுவார். ஐம்பத்தெட்டு வயது. உச்சியில் முடி போய்விட்டது, பின்னால் மிஞ்சியிருப்பதை முதுகுவரை வளர விட்டிருக்கிறார். கையில்லாத ஜீன்ஸ் சட்டை ஒன்று வைத்திருக்கிறார். அதன் முதுகு முழுக்க இசைக்குழுக்களின் துணிச் சின்னங்கள், எல்லாம் அவரே ஊசி பிடித்துத் தைத்தவை. 1991க்குப் பிறகு அந்தச் சட்டை தண்ணீரைப் பார்த்ததில்லை. எங்களில் யாரும் தங்கள் ஜீன்ஸ் சட்டையைத் துவைக்க மாட்டோம், அது வழக்கம். ஆனாலும் வெய்யோ அருகில் உட்காருபவர்கள் ஜன்னல் பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

பேச்சு குறைவு, எழுத்து அதிகம். கூட்டத்தில் யார் என்ன சொன்னார், யார் இரண்டாவது பன் எடுத்தார் என்பதுவரை குறிப்பேட்டில் ஏறிவிடும். எதையாவது உளறிவிட்டு அதை எழுதாதே என்று கெஞ்சினால், கெஞ்சியதையும் சேர்த்து எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வரியைக்கூட அவர் விட்டதில்லை.

2001 வசந்தத்தில் சங்கம் தொடங்கியபோது நான்காம் விதியை எழுதியதும் அவர்தான். நியூ மெட்டலை மனமொப்பிக் கேட்பவர் இச்சங்கத்தில் உறுப்பினராக இருக்க முடியாது என்பது அந்த விதி. ஹெவி மெட்டலோடு ராப்பைக் கலந்த அந்தப் புதுவகை இசை அன்று இல்லாத இடமே கிடையாது. பெட்ரோல் பங்கில், ஐஸ் ஹாக்கி இடைவேளையில், முடி வெட்டும் கடையில் எல்லாம் அதுதான். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தொளதொள கால்சட்டையோடு வந்து, பாதிப் பாட்டைப் பேசியே ஓட்டிவிட்டு மீதியைக் கத்துவார்கள். கிட்டாருக்குத் தனியாவர்த்தனமே இல்லை. இசைத்தட்டைக் கையால் தேய்த்துக் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரவழைக்கத் தனியாக ஓர் ஆள், அவருக்கும் சம்பளம். பத்து வருஷம் விரல் தேய்ந்து வாசித்தவர்கள் ஆளில்லாத அரங்கில் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு வயிறு எரிந்தது. நான்காம் விதிக்கு நான் இரண்டு கையையும் தூக்கினேன். வெய்யோ ஒன்றைத்தான் எண்ணினார்.

இத்தனை வருஷம் அந்த விதியால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை. போன ஜனவரியில் தைனா விண்ணப்பம் போட்டார்.

தைனா நகர நூலகத்தில் இசைத்தட்டுகளை இரவல் தரும் இசைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. ஏரிக்கரையில் தனி வீடு, தனி ஆள். மனைவி பிரிந்துபோன பிறகு இருபது வருஷத்துக்கு மேலாகத் தனியாக இருந்த வெய்யோ, ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் கால்வாய்க் கரைக் கடையில் இவரோடு காபி குடித்துவந்தார். இருவரும் எதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊருக்கே தெரிந்ததை அவர்கள் இருவர் மட்டும் பேசாமலிருந்தார்கள்.

எங்கள் விண்ணப்பத்தில் மூன்றாவது கேள்வி, உங்களை இந்த இசைக்கு அழைத்துவந்த ஆல்பம் எது என்பது. தைனா அதற்கு ஒரு கலிபோர்னியாக் குழுவின் ஆல்பத்தை எழுதியிருந்தார். குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வாயில் வர மறுக்கிறது. அசல் நியூ மெட்டல். அதற்குக் கீழே, கேட்காமலேயே, இன்றும் கேட்கிறேன் என்று ஒரு வரி.

விண்ணப்பத்தைக் கூட்டத்தில் முழுவதுமாகப் படித்துக் காட்டுவது செயலாளரின் வேலை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வெய்யோ அந்தத் தாளோடு என் பள்ளிச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். பட்டாணி சூப் ஊற்றி வைத்தேன். தொடவில்லை. படித்தால், அவர் எழுதிய விதியே தைனாவை வெளியே அனுப்பிவிடும். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் போவது? படிக்காமல் விட்டால், அந்தக் குறிப்பேட்டை இனி எந்தக் கையால் திறப்பது?

"அந்த ஒரு வரிய விட்டுடுப்பா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே, ரைலி."

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு வருஷம் கழித்து வாசலுக்கு வந்த சந்தோஷத்தை யாராவது விதி பார்த்துத் திருப்பி அனுப்புவார்களா?

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. தீயணைப்பு நிலையத்தின் மாடி அறை. பதினான்கு ஜீன்ஸ் சட்டைகளுக்கு நடுவே தைனா மட்டும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு கதவருகே உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைவர் கௌக்கோ, காகித ஆலையில் ஓய்வு பெற்றவர், மரச்சுத்தியால் மேசையைத் தட்டி, கூட்டம் முறைப்படி கூடியிருக்கிறது என்று அறிவித்தார். வெய்யோ எழுந்தார். படித்தார். ஒரு வரி விடவில்லை. இன்றும் கேட்கிறேன் என்பதையும் சாலை நிலவரம் படிக்கிற அதே குரலில் படித்து முடித்தார்.

முதலில் பிடித்துக்கொண்டவர் இஸ்மோ. பல் மருத்துவர், நல்ல மனிதர், ஆனால் இந்த விஷயத்தில் துளைக்கும் கருவியை எடுத்தால் கீழே வைக்க மாட்டார். நியூ மெட்டல் எங்கள் இசையின் கனத்தை எடுத்துக்கொண்டு கஷ்டத்தை விட்டுவிட்டது என்றார். வானொலிக்காரர்களுக்குப் பிடிக்கும்படி மூன்று நிமிஷத்தில் வெட்டிச் சுருக்கியது என்றார். வீடு நிறைய வசதி இருக்கிற பையன்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்பா திட்டினார் அம்மா கவனிக்கவில்லை என்று அழுவதெல்லாம் ஒரு இசையா என்று கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தைனா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌக்கோ பெருமூச்சு விட்டு, செயலாளர் நான்காம் விதியைப் படிக்கட்டும் என்றார். வெய்யோ படித்தார். படித்துவிட்டு உட்காரவில்லை.

"இந்த விதிப்படி பாத்தா, மொதல்ல வெளிய போக வேண்டியவன் நான்தான்."

வெய்யோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

பனி லாரி நின்ற நாள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2001 பிப்ரவரி. விடிகாலை முதல் கொட்டிய பனியில், பாலத்துக்கு நடுவே லாரி நின்றுவிட்டது, அரை மணி நேரம். பின்னால் பேருந்துகள், ஆலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள். இயந்திரக் கோளாறு என்று நகராட்சியில் சொன்னார்கள். இருநூறு பிள்ளைகளுக்கு நான் வைத்திருந்த கஞ்சி அன்று கல்லாகிப்போனது. அந்த இயந்திரத்தை நான் இருபத்திரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இயந்திரத்துக்கு ஒன்றுமில்லையாம். அதற்கு மூன்று வாரம் முன்னால் வெய்யோவின் அப்பா இறந்திருந்தார். மரம் வெட்டுகிற மனிதர், மகனிடம் வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அடக்கத்தில் வெய்யோ அழவில்லை. லாரியின் ரேடியோவில் திருகு உடைந்து ஒரே நிலையம்தான் வரும். அன்று பாலத்தின்மேல் அந்தக் கலிபோர்னியாக் குழுவின் பாட்டு வந்தது. ஒருவன் தன் அப்பாவைப் பார்த்து, ஏன் என்னிடம் பேசவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"நம்ம பாட்டுல சாவு இல்லாம இருக்காது. ஆனா செத்தவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி குதிரையில வந்தவனா இருப்பான். இவன் எங்க அப்பாவச் சொல்றான். எனக்குக் கால் பிரேக்குலயே இருந்துடுச்சு."

பாட்டு முடிந்தும் அழுகை நிற்கவில்லையாம். பின்னால் அத்தனை வண்டிகள் நிற்பது கண்ணாடியில் தெரிந்ததாம். அந்த வெட்கத்தில்தான் இரண்டு மாதம் கழித்து நான்காம் விதியை எழுதினேன் என்றார். எழுதியும் பயனில்லை, கேட்பதை நிறுத்தவில்லை.

"அந்த விதிய நான் ஒங்களுக்காக எழுதல. எனக்காக எழுதினேன்."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்து, தான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கியது, கஞ்சிக்காகத் திட்டியதை எல்லாம் நினைத்து. கௌக்கோ தாடியைத் தடவிக்கொண்டு ஒரு சந்தேகம் எழுப்பினார். வெய்யோ தொடக்கத்திலிருந்தே உறுப்பினராக இருக்க முடியாதவர் என்றால், அவர் செயலாளராக எழுதிய குறிப்புகள் எதுவும் செல்லாது. குறிப்பு செல்லாது என்றால் தீர்மானங்கள் செல்லாது. அப்படிச் செல்லாமல் போகும் ஒவ்வொரு குறிப்பையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இஸ்மோ.

"அப்ப இருபத்திரண்டு வருஷமா நாம சங்கமே இல்ல. பன்னு திங்கற பதினாலு பேரு, அவ்வளவுதான்," என்றார் கௌக்கோ.

நாலாம் விதியும் அப்ப செல்லாதே என்று நான்தான் சொன்னேன். சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு பானை கவிழ்ந்தால் அதிலுள்ளது எல்லாமே கொட்டும் என்பது சமையல்காரிக்குத் தெரியும். கௌக்கோ காபி இடைவேளை அறிவித்தார். எங்களுக்குத் தலைசுற்றும்போது செய்வது அதுதான்.

பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் சுத்தி தட்டப்பட்டது. முதலிலிருந்து சங்கத்தைத் தொடங்குவதாகவும், பழைய விதிகளில் நான்காவதைத் தவிர மற்றவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதாகவும் தீர்மானம் வந்தது. எல்லாக் கைகளும் மேலே போயின, இஸ்மோவின் கையும். ஆனால் அவர் தன் கருத்தைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்றார்.

"அந்த இசை மட்டம்ங்கறதுல எனக்கு மாற்றம் இல்ல. வெய்யோ, அத எழுதிக்கடா."

"எழுதிட்டேன்," என்றார் வெய்யோ. தைனாவைப் பதினைந்தாவது உறுப்பினராகச் சேர்த்ததையும் எழுதினார்.

இசையைப் பற்றி இஸ்மோ சொன்னது பெரும்பாலும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கீச்சுச் சத்தத்தை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் நாங்கள் இளக்காரம் செய்தது அந்தச் சத்தத்தை மட்டும் அல்ல. எல்லோரும் பார்க்க ஒருவன் அழுவதையும் சேர்த்துத்தான் இளக்காரம் செய்தோம். அது எங்கள் பக்கத் தப்பு.

நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது வெய்யோ தைனாவிடம் போனார். வேறு ஏதாவது ஆல்பத்தை எழுதியிருக்கலாமே, எதற்கு அதையே எழுதினீர்கள் என்று கேட்டார். கோப்பைகளைத் துடைப்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

"நூலகத்துல யார் என்ன எடுத்தாங்கன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாது," என்றார் தைனா. "அதனால புத்தகத்துக்கு அடியில என்ன வச்சு எடுத்துட்டுப் போனீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மேல எப்பவும் ஆப்பிள் மரத்துக் கிளை வெட்டிப் பராமரிக்கற புத்தகம். நீங்க இருக்கறது மூணாவது மாடி. அந்த மரத்த எங்க நட்டீங்க?"

வெய்யோவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தைனா குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு ரொம்ப வருஷம் காத்திருந்தேன். அப்புறம், மொதல்ல நானே சொல்லிடலாம்னு தோணுச்சு."

தைனா வீட்டுத் தோட்டத்தில் நிஜமாகவே இரண்டு ஆப்பிள் மரங்கள் இருக்கின்றன, கவனிப்பில்லாமல் காடாக வளர்ந்தவை. மார்ச் மாதம் கிளை வெட்டுகிற காலம். சாக்குக்காக எடுத்துப் போன புத்தகங்களை வெய்யோ அத்தனை வருஷமும் படித்தும் இருக்கிறார். எந்தக் கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று மனப்பாடம்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு நான் தைனா வீட்டு வழியாகக் காரில் போனேன். வெய்யோ ஏணிமேல் ரம்பத்தோடு நின்றிருந்தார், தைனா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் வைத்த பாட்டுப் பெட்டியிலிருந்து அந்தப் பாட்டு ஏரியின் அக்கரைவரை கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. அதை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. காரை நிறுத்தினேன். என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். பின்னால் ஒரு கார் வந்து நின்றது, அதற்குப் பின்னால் ஒன்று. எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். பாட்டு முடியும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.