காலுறை பேசிய மதியம்

மலேசியாவில், புக்கிட் பெருவாங்கில் உள்ள எங்கள் ஸ்டூடியோவில், பொம்மைக்கு முகம் வார்க்க ரப்பர் பால் வாளியைத் திறந்தார்கள். குழந்தைகளுக்கான பொம்மைத் தொடரைப் பல வருடங்களாகத் தொலைக்காட்சிக்குத் தயாரிக்கிறேன். இன்னமும் அந்தப் பாலின் வாடை வந்தால் எனக்கு வேலை ஓடாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த அப்பாவின் சட்டையில் அடித்த வாடை அது.

என் சிறுவயதில் அம்மா பிரசவத்தில் இறந்த பிறகு, குட்டித் தங்கை மீனா பேசுவதையே நிறுத்திவிட்டாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் மாற்றி மாற்றிச் சோறு ஊட்டினார்கள். வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். சொல் மட்டும் வராது. அப்பாவும் யாரோடும் பேசவில்லை.

ஒரு மதியம் வேலை முடிந்து வந்தவர், என் பழைய பள்ளிக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். விரல்களை அசைத்து, கீச்சுக் குரலில், "மீனா, சாப்டியா லா?" என்றார்.

அவள் காலுறையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதனிடம் கேட்டாள்: "அம்மா எப்ப வரும்?"

"வராதும்மா. அம்மா செத்துப் போச்சு."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதை அவளிடம் சொன்னதில்லை. மீனா கதறினாள். அப்பா அவளை அணைத்துக்கொண்டு அழுதார், கீச்சுக் குரல் போய், சொந்தக் குரலில்.

எங்கள் தொடரின் இந்த வாரக் கதையில் பொம்மைக் குடும்பத்தின் அம்மா இறக்கிறாள். அதற்குக் கதை எழுதும் இளைஞர் தயங்கியபடி வந்தார்.

"பிள்ளைங்க பாக்குற ப்ரோகிராம் அக்கா. அம்மா வெளியூர் போயிருக்குன்னு மாத்திடலாமா?"

"வேணாம் தம்பி," என்றேன். "உள்ளதையே சொல்லட்டும்."