இன்ஸாஃப் டீச்சர் குரல் கொடுத்த வீடு

இன்ஸாஃபின் அப்பா கரும்பு வெட்டியவர். கரும்பு ஏற்றிப் போகும் சின்ன ரயிலின் தண்டவாளத்தை ஒட்டித்தான் அவர்கள் வீடு. அந்த வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அஸ்யூத் நகரத்தில் பேச்சுப் பயிற்சி படித்துவிட்டுச் சொந்த ஊரான கினாவுக்குத் திரும்பி வந்தபோது, "பேசுறதுக்கா படிச்சே? அதைத்தான் பொறந்ததுலேருந்து ஓயாம செய்யுறியே" என்று சித்தி ஒருத்தி கேட்டாள். இன்ஸாஃபே அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கினாவில் ஒரு சங்கத்தில் அவளுக்கு வேலை. வாய் பேச வராத பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் படக்கருவி இரவல் கொடுக்கும். பலகை போன்ற திரை; அதில் கட்டம் கட்டமாகப் படங்கள்; படத்தை அழுத்தினால் கருவி அந்தச் சொல்லைச் சொல்லும். கருவிகள் கொஞ்சம், காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. ஒரு வீட்டில் கருவி சும்மா கிடந்தால் அதை வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். கருவியைக் கையில் கொடுப்பது ஒருநாள் வேலை. பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்களைப் பழக்குவதில்தான் இன்ஸாஃபின் இளமை போயிற்று. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. வாரம் முழுக்க ஏதாவது ஒரு வேனில், மடியில் பையோடு, ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்றில்தான் ஷாஸ்லி இருந்தான். ஒன்பது வயது. பிறந்த வாரத்தில் கண்ட மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கிவிட்டது. கழுத்து நிற்காது, கைகள் முறுக்கிக்கொள்ளும். வலது கையின் மடக்கிய விரல் முட்டி ஒன்று மட்டும் அவன் சொன்னபடி கேட்கும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான். அவனுக்கு எல்லாமே புரிந்தது. அவனுக்குப் புரியும் என்பதுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கடன், சண்டை, அடுத்த வீட்டு வம்பு என்று எல்லாவற்றையும் அவன் முன்னால்தான் பேசுவார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் பயிற்சி நடந்தது. ஷாஸ்லியோடு அவன் அம்மா நிஅமத், அக்கா தௌஹீதா, வகுப்பு வாத்தியார் ஷஹாத்தா மூவரும் வந்திருந்தார்கள். இன்ஸாஃப் ஒரு படப்பலகையை வாத்தியார் முன்னால் வைத்தாள்.

"வாயைத் திறக்காம டீ கேளுங்க, உஸ்தாத்."

வாத்தியார் 'குடி' என்ற படத்தைத் தொட்டார். நிஅமத் தண்ணீர் கொண்டுவந்தாள். இல்லையென்று தலையை ஆட்டினார். செம்பருத்தி சர்பத் வந்தது. மறுபடியும் தலையை ஆட்டினார். 'சூடு' என்ற படத்தைத் தேடிப் பிடித்துத் தொட்ட பிறகுதான் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"சர்க்கரை எங்க டீச்சர்?"

"வாயைத் திறந்துட்டீங்க. தோத்துட்டீங்க."

"சர்க்கரையில்லாம டீ குடிக்கச் சொல்லி எவன் வரைஞ்சான் இந்தப் படத்தை?"

"நம்ம ஊரை எட்டிக்கூடப் பார்க்காதவன்."

தௌஹீதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் இன்ஸாஃப் மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் கொஞ்ச நேரத்துக்கே உங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. இவன் ஒம்பது வருஷமா சர்க்கரை கேட்டுக்கிட்டிருக்கான்."

வாத்தியார் நல்ல மனுஷர். ஆனால் கருவி கைக்கு வந்ததும் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டார். ஆப்பிள் எங்கே, ஒட்டகம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஷாஸ்லி தூங்கிவிட்டான்.

"ஆப்பிள் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா உஸ்தாத்? தெரிஞ்சதையே கேட்டா அவன் எதுக்குப் பதில் சொல்லணும்? அவனுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. டீ ஆறிப்போனாலும் காத்திருங்க."

இன்னொன்றையும் அவள் எல்லா வீட்டிலும் சொல்வாள். பிள்ளை அந்தக் கருவியில் எதைச் சொன்னாலும், கெட்ட வார்த்தையே சொன்னாலும், கருவியைப் பிடுங்கக் கூடாது. "மத்தப் பிள்ளைங்க தப்பாப் பேசினா நாக்கையா அறுக்குறோம்?"

சிக்கல் குரலில் வந்தது. கருவிக்குள் இருந்த ஆள் செய்தி வாசிப்பவரைப் போலச் சுத்தமான அரபியில் பேசினான். ஷாஸ்லி 'ரொட்டி' என்று அழுத்தினால் ஜும்மா பிரசங்கம் போல வந்தது. தெருப்பிள்ளைகள் கேட்டுவிட்டு, "ஷேக் ஷாஸ்லி வாழ்க" என்று கத்தினார்கள். சொற்களை வீட்டு ஆளே பேசிப் பதிந்துகொள்ளலாம் என்றாள் இன்ஸாஃப்.

ஷாஸ்லியின் அப்பா ஹஜ்ஜாஜ் உடனே மறுத்துவிட்டார். "என் குரல்ல அவன் மூத்திரம் வருதுன்னு சொல்லணுமா?" நிஅமத்துக்கு வெட்கம். கடைசியில் தௌஹீதா பதிந்தாள். பத்தொன்பது வயசுப் பெண். தம்பியைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள்தான். இரவில் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். இன்ஸாஃப் கூடவே உட்கார்ந்து சொல் சொல்லாகப் பதிய வைத்தாள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் குரலை அந்த ஊரில் வெளியாட்கள் கேட்கக் கூடாது என்பது, அதே மண்ணில் வளர்ந்த இன்ஸாஃபுக்கு அன்று தோன்றவே இல்லை. வேலை நன்றாக நடக்கிறது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஷாஸ்லியின் முட்டி மெல்ல நகர, கருவி "உப்பு இல்லை" என்றது. ஹஜ்ஜாஜ் கீரையில் தோய்த்த ரொட்டியைக் கையில் வைத்தபடியே மகனைப் பார்த்தார்.

"டேய், உங்கம்மா இருபது வருஷமா இப்படித்தான் சமைக்கிறா. நான் என்னைக்காவது வாயைத் திறந்தேனா?"

அதை அவர் கரும்புக் காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் தௌஹீதாவைப் பெண் கேட்டு வந்தார்கள். ஹஜ்ஜாஜின் பங்காளி வீடு; அந்த ஊரில் பங்காளிக்குள்ளேயே பெண் கொடுப்பது உண்டு. மாப்பிள்ளை முன்பே ஒருத்தியைத் தள்ளிவைத்தவன். பேச்செல்லாம் முடிந்துவிட்டது. ஆண்கள் வெளியே, சம்பந்தத்தை உறுதி செய்யும் ஃபாத்திஹா ஓதக் கை ஏந்தி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். வழக்கப்படி தௌஹீதா குனிந்த தலையோடு சர்பத் கொடுத்தாள். அவள் எதுவும் பேசக் கூடாது, பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து தௌஹீதாவின் குரலே கேட்டது.

"தௌஹீதா. போக வேண்டாம். தௌஹீதா. ராத்திரி. அழுறா."

நிஅமத் ஓடிப்போய்க் கருவியின் மேல் மெத்தையைப் போட்டாள். மெத்தைக்கு அடியிலிருந்து இன்னொரு முறை, "அழுறா" என்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வளையலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். வெளியே ஏந்திய கைகள் ஓதாமலே இறங்கின.

இதையெல்லாம் நிஅமத் சொல்லித்தான் இன்ஸாஃபுக்குத் தெரியும். அவள் போனபோது கருவி முன்னறையின் கண்ணாடி அலமாரிக்குள், நிஅமத்தின் கல்யாணத்துக்கு வந்து இதுவரை யாரும் குடித்திராத கோப்பைகளுக்கு நடுவில், பூட்டியிருந்தது.

"உங்க மேல குத்தம் சொல்லல டீச்சர்" என்றார் ஹஜ்ஜாஜ். "நீங்க சொல்லிக் குடுத்தீங்க. அவன் கத்துக்கிட்டான். அதுதான் வெனையாப் போச்சு."

"அவன் பொய் சொல்லலையே, அண்ணே."

"பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேனே. விவரமில்லாத பய, உளறுறான்னு சிரிச்சு மழுப்பியிருப்பேன்." எழுந்து வாசலுக்குப் போனார். "பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல தலை குனிஞ்சு நின்னேன். அவளை அந்த வீட்டுக்கேதான் குடுத்தேன். வேற யாரு எடுப்பா இனிமே?"

மேளம்கூட இல்லாமல் கல்யாணம் முடிந்திருந்தது. அங்கே மாமியார் தௌஹீதாவைத் தொட்டதற்கெல்லாம் குத்திக்காட்டுகிறாளாம். 'பொட்டிக்குள்ள இருந்து பேசினியே, இப்பப் பேசுடி' என்கிறாளாம். அவள் ஒன்றும் பேசுவதில்லையாம்.

ஷாஸ்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நன்றாக இளைத்துவிட்டான்.

"என் கையால குடுத்தா வாய் திறக்க மாட்டேங்கிறான்" என்றாள் நிஅமத். "முன்னெல்லாம் தண்ணிக்காவது கத்துவான். இப்ப அதுவும் இல்ல. தன்னாலதான் அக்காவுக்கு இப்படி ஆச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரும் அவன்கிட்டச் சொல்லல டீச்சர். அவனை வச்சுக்கிட்டேதான் எல்லாம் பேசினோம்."

இன்ஸாஃப் கேட்டதற்காக அவள் அலமாரியைத் திறந்தாள். கருவியை ஷாஸ்லியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அந்தக் குரலை எடுத்துடலாம். நீங்களே பதிஞ்சு குடுங்க. அம்மா குரல்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நிஅமத் திறந்து கிடந்த அலமாரியை மூடினாள். "என் குரல்ல அவன் என்னத்தச் சொல்லுவான் டீச்சர்? சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? எடுத்துட்டுப் போங்க. இது வீட்ல இருக்கிற வரைக்கும் அவரும் தூங்க மாட்டார், நானும் தூங்க மாட்டேன்."

கினாவில் ஒரு பெண்குழந்தையின் அம்மா கோடையிலிருந்தே கருவி கேட்டு நடையாக நடந்துகொண்டிருந்தாள். இன்ஸாஃப் கட்டிலருகே குனிந்தாள்.

"ஷாஸ்லி, இது உன்னோடது. உன்னைக் கேக்காம எடுக்க மாட்டேன். இருக்கட்டும்னா மேல பாரு."

காத்திருந்தாள். நிஅமத் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தான். ஷாஸ்லி கண்ணை மேலே தூக்கவும் இல்லை, மூடவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாததைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எத்தனையோ அம்மாக்களிடமும் வாத்தியார்களிடமும் அவள் சண்டை போட்டிருக்கிறாள். அன்று அவளும் அதைப் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டாள். கருவியை நிறுத்திப் பைக்குள் வைத்து, பையை மூடினாள்.